வாலில் வைத்த முடிச்சு

சிவமயம்

குற்றாலம்,
18-7-1963

என் கண்மணி குழல்வாய்மொழிக்கு உன் ஆச்சி உலகம்மாள் ஆசீர்வாதத்துடன் எழுதிக்கொண்டது. மாப்பிள்ளை கைலாசத்துக்கும் கொள்ளுப்பேரன் ஆதித்தனுக்கும் ஆசீர்வாதம். பிலாய் இரும்பு ஆலைச் சூட்டில் மாப்பிள்ளைக்கு உடம்பு வற்றிப்போகும், தினமும் மோர் கொடுத்தனுப்பு. இங்கே எல்லோரும் கையும் காலுமாக நடமாடுகிறோம். நான் சுகமா என்பதை இந்தக் கடிதத்தை வாசித்து முடித்துவிட்டு நீதான் சொல்லவேண்டும்.

இந்த வருஷம் சாரல் பத்து நாள் பிந்தித்தான் விழுந்தது. ஆனாலும் நம் வீட்டில் வாடகைக்கு விடும் ஏழு ரூமும் நிறைந்துவிட்டன. மூன்றாம் ரூமில் ஒரு மதராஸ் அம்மாள் இருக்கிறாள். காலையில் வெந்நீர், மத்தியானம் வெந்நீர், சாயந்திரம் வெந்நீர். எண்ணெய் தேய்த்துவிடும் சுடலைமாடன், "அருவிக்கு வந்துட்டு வெந்நீர் கேக்காளே ஆச்சி, இவ மதராஸ்லேயே அண்டாவுக்குள்ள உக்காந்துக்கிட வேண்டியதுதானே" என்று அவள் காதில் விழும்படியே சொல்லுகிறான். உன் அப்பாவுக்கு முழங்கால் வலி அப்படியேதான் இருக்கிறது. மாடி ஏறினால் இறங்கும்போது என்னைத் திட்டுகிறான். நான் என்ன அவன் காலையா பிடித்து இழுக்கிறேன்.

உன் கடிதம் போன வெள்ளிக்கிழமை வந்தது. ஆதித்தன் ஆகாசத்தில் விமானம் போவதைப் பார்த்துவிட்டு, எனக்கு ஒன்று செய்து தா என்று உன் சேலையைப் பிடித்துக்கொண்டு அழுதான் என்று எழுதியிருந்தாய். அதற்கு நீ அவனிடம் சொன்ன பதிலையும் எழுதியிருந்தாய். "அம்மா கை அதுக்கு ராசியில்லாத கை, அது செஞ்சா பறக்காது" என்று. சிரிப்பாகத்தான் எழுதியிருந்தாய். உன் அப்பாவும் சத்தமாக வாசித்துவிட்டுச் சிரித்தான். நான் கடிதத்தை வாங்கி அடுப்படிக்குக் கொண்டுபோய் நாலு தடவை வாசித்தேன். எனக்குச் சிரிப்பு வரவில்லை குழலு. ஒன்பது வருஷமாக நான் வாய்க்குள்ளே வைத்திருந்ததை இனியும் வைத்திருக்க முடியாது.

இதற்கு மேல் உள்ளதை நீ தனியாக உட்கார்ந்து வாசி. பிறகு மாப்பிள்ளையிடம் காட்டுவதானால் காட்டு.

உனக்குப் பதினாலு வயது. எட்டாம் வகுப்பு முடிந்திருந்தது. சாரலுக்கு வந்தவர்கள் ரூமில் விட்டுப்போவதை எல்லாம் கூட்டி அள்ளும்போது நீ ஒரு சாக்கில் சேர்த்துவைப்பாய். ஒடிந்த குடை, சிகரெட் டப்பா, சவரம் பண்ணின பிளேடு, பழம் சுற்றி வந்த மெல்லிய தாள். நான் அரிசி புடைக்கும் பழைய சுளகைக்கூடக் கேட்காமல் பிரித்து மூங்கில் பிளாச்சாக எடுத்துக்கொண்டாய். அதற்கு ஒரு நாள் முழுக்க நான் உன்னைத் திட்டினேன். அந்தப் பிளாச்சில் உடம்பும், பழத்தாளில் இறக்கையும், சிகரெட் டப்பாத் தகரத்தில் விசிறியும், குடைக்கம்பியில் அதற்கு ஒரு அச்சும் செய்தாய். விசிறி உரசாமல் சுற்ற ஒரு பாசிமணி வேண்டும் என்று என் கழுத்துப் பாசியிலிருந்து ஒன்றை உருவிக்கொண்டாய். தென்காசியில் சைக்கிள் கடை வைத்திருக்கும் பரீது, பழைய டியூபை நாடா நாடாவாகக் கிழித்துக் கொடுத்தான். பர்மா யுத்தத்தில் விமானப் படைக்கு மெக்கானிக்காகப் போய் வந்தவன் அவன். விசிறியைச் சுற்றினால் ரப்பர் முறுக்கிக்கொள்ளும், விட்டால் முறுக்கு அவிழ்ந்து விசிறி சுழலும். அந்த ரப்பருக்கு நீ ஆமணக்கெண்ணெய் தடவுவதைப் பார்த்துவிட்டுச் சுடலைமாடன், "ஏட்டி, என் பிழைப்புக்கே உலை வைக்கியா? கொண்டா, நானே ஒரு எண்ணெய்க் குளியல் போட்டுவிடுதேன்" என்றான். உனக்கு ஞாபகம் இருக்கும்.

முதல் விமானம் முற்றத்தைத் தாண்டவில்லை. இரண்டாவது கிணற்றுக்குள் போயிற்று. மூன்றாவதை நீ பறக்கவிட்ட காலையில் நானும் நீயும்தான் எழுந்திருந்தோம். அது ஓட்டுக்கூரைக்கு மேலே ஏறி, பலாமரத்தைச் சுற்றிக்கொண்டு, திரும்ப வந்து மாட்டுத்தொழுவத்து வைக்கோல் மேல் பூ மாதிரி உட்கார்ந்தது. நீ சத்தம் போடவில்லை. நான்தான் கத்தினேன்.

அதோடு நான் சும்மா இருந்திருக்கலாம். எனக்கு வாய் நிற்கவில்லை. பால் ஊற்ற வந்தவனிடம் சொன்னேன், அருவிக்கரையில் முன்பின் தெரியாதவர்களிடம் சொன்னேன், கோயிலில் சொன்னேன். "என் பேத்தி ஏரோப்பிளேன் கட்டுதா" என்று சொல்லாத நாள் இல்லை. என்னை அஞ்சாம் வகுப்போடு நிறுத்தி அடுப்படியில் உட்காரவைத்தபோது என் அய்யா, பெண்பிள்ளைக்குக் கையெழுத்துப் போடத் தெரிந்தால் போதும் என்றார். அவரை இழுத்துக்கொண்டு வந்து பலாமரத்தடியில் நிறுத்திக் காட்டவேண்டும் போல எனக்கு இருந்தது.

நீ மேலே படிக்கப் பாளையங்கோட்டைக்குப் போகவேண்டும் என்று உன் அப்பாவிடம் கேட்டதும், அவன், "ரூம் குப்பையை ஒட்டிவச்சிட்டா பாளையங்கோட்டைக்கு அனுப்பணுமோ? சரி, நாலு பேர் பாக்க அது பறக்கட்டும். பரீது வந்து இது விளையாட்டு இல்லேன்னு சொல்லட்டும். அனுப்புதேன்" என்று சொன்னதும் உனக்கு மறந்திருக்காது. உன் அப்பா சுந்தரபாண்டியன் பிடிவாதக்காரனே தவிர, சொன்ன சொல்லைப் புரட்டுகிறவன் இல்லை. பறந்திருந்தால் அனுப்பியிருப்பான்.

ஞாயிற்றுக்கிழமை நாள் குறித்தாயிற்று. சனிக்கிழமை சாயந்திரம் அடுத்த வீட்டு மூக்கம்மாள் வந்து உன் விமானத்தைப் பார்த்தாள். இப்படியும் பார்த்தாள், அப்படியும் பார்த்தாள். "ஆத்தாடி, பொட்டப்புள்ள கையிலயா இது முளைச்சிது? ஊருக் கண்ணுல கொள்ளி வைக்க, பாத்துக்கிடுங்க ஆச்சி" என்று சொல்லிவிட்டுப் போனாள். அவள் நல்ல எண்ணத்தில்தான் சொன்னாள். எனக்குக் கண்திருஷ்டி பயம் பிடித்துக்கொண்டது. ஊர் முழுக்கச் சொன்னவள் நான். அத்தனை கண்ணையும் அழைத்து வந்தவளும் நான்தானே என்று நினைத்தேன்.

நீ மாடு கட்டப் போயிருந்தாய். நான் ஒரு கறுப்புத் துணியில் நாலு கல்லுப்பும் ஒரு துண்டு வற்றல் மிளகாயும் ஒரு சிட்டிகை முச்சந்தி மண்ணும் வைத்து முடிந்தேன். வெளியே கட்டினால் நீ அவிழ்த்துப் போட்டுவிடுவாய், இந்த நம்பிக்கை எல்லாம் உனக்குக் கிடையாது. அதனால் வால் பக்கத்துத் தாளை நகத்தால் மெதுவாகப் பிரித்து, முடிச்சை உள்ளே தள்ளி, சோற்றுப் பருக்கை வைத்து மறுபடி ஒட்டிவிட்டேன். ஒட்டினது தெரியவே இல்லை. என் கை சுத்தத்தை நானே மெச்சிக்கொண்டேன். சின்ன முடிச்சுதானே, ஒரு நெல்லிக்காய் அளவு கூட இல்லையே என்றுதான் நினைத்தேன். நீ இரண்டு விரல் நுனியை இறக்கைக்கு அடியில் கொடுத்து, அது தராசு முள் மாதிரி நேராக நிற்கிறதா என்று எத்தனை நாள் பார்த்தாய். மூக்கில் ஒரு பொட்டு மெழுகைக் கூட்டுவாய், குறைப்பாய். அன்றைக்கு மத்தியானம் அது சரியாக நின்றதும், இனித் தொடக்கூடாது என்று எடுத்துவைத்துவிட்டாய். நான் பக்கத்தில் உட்கார்ந்து எல்லாம் பார்த்துக்கொண்டுதான் இருந்தேன். பார்த்தும் எனக்குப் புத்தி வரவில்லை.

மறுநாள் நடந்ததை உனக்கு நான் சொல்லவேண்டியது இல்லை. ஆனால் சொல்லாவிட்டால் என் பாரம் குறையாது. கார் நிற்கும் வெளியில் முப்பது பேர் இருந்தார்கள். நீ கையிலிருந்து விட்டாய். குதிரை முன்காலைத் தூக்குவது போல அது மூக்கைத் தூக்கியது. ஒரு நொடி அந்தரத்தில் நின்றது. பிறகு வால் முதலில் இறங்கிச் சாய்ந்து கல்மேல் விழுந்தது.

எல்லோருக்கும் முன்னால் நான் ஓடினேன். பேத்தி மேல் ஆச்சிக்கு என்ன பிரியம் என்று நின்றவர்கள் சொன்னார்களாம். நான் ஓடினது அதற்கு இல்லை. கீழே உட்கார்ந்து, சேலையால் மறைத்துக்கொண்டு, கிழிந்த வாலுக்குள் விரலைவிட்டு அந்த முடிச்சை எடுத்து இடுப்பில் செருகிக்கொண்டேன். உன் அப்பா பார்த்தால் சத்தம் போடுவானே என்ற பயம் ஒன்றுதான் அப்போது மனசில் இருந்தது. அதற்குள் நீ வந்துவிட்டாய்.

பரீது தூரத்திலிருந்தே சரியாகச் சொன்னான். "வால்ல கனம் கூடிப்போச்சும்மா. எடை போட்டுப் பாரு" என்றான். நீ ஒடிந்த இறக்கையைச் சேர்த்துப் பிடித்துக் கட்டி, விரல் நுனியில் வைத்துப் பார்த்தாய். நேராக நின்றது. திருப்பி வைத்துப் பார்த்தாய். அப்போதும் நேராக நின்றது. பரீது தலையைச் சொறிந்துகொண்டு, "அப்பம் எனக்குப் புரியல" என்றான். எல்லாம் சரியாக இருந்தும் விழுந்துவிட்டது என்றால் பிறகு எதில் குறை? நீ விமானத்தை விட்டுவிட்டு உன் கையைப் பார்த்துக்கொண்டு நின்றாய். முடிச்சு என் இடுப்பில் உறுத்திக்கொண்டே இருந்தது. ஒரு வார்த்தை, குழலு. நான் அப்போது ஒரு வார்த்தை சொல்லியிருந்தால், நீ இறக்கையை ஒட்டி மறு ஞாயிற்றுக்கிழமை பறக்கவிட்டிருப்பாய்.

உன் அப்பா, "சரி, ஆச்சுல்லா. போய்த் தண்ணி எடு" என்று மட்டும் சொன்னான். நான் அதைவிட மோசமாகச் சொன்னேன். ராத்திரி நீ சாப்பிடாமல் கிடந்தபோது தலையைத் தடவி, "விடுட்டி, சில கைக்குச் சில காரியம் ராசிப்படாது" என்றேன். உன்னைத் தேற்றுவதாக நினைத்துச் சொன்னேன். உன் கடிதத்தில் இருந்தது நான் சொன்ன அந்தச் சொல்தான். அதைத்தான் இப்போது என் கொள்ளுப்பேரன் காதிலும் போட்டிருக்கிறாய்.

மறுநாள் காலையில் நீயே அந்த விமானத்தை ஒடித்து என் வெந்நீர் அடுப்பில் வைத்தாய். அந்தத் தண்ணீரில்தான் நான் குளித்தேன். மறு வருஷம் தையில் மாப்பிள்ளை வீட்டார் வந்தார்கள். மாப்பிள்ளை தங்கமானவர், அதில் எனக்கு ஒரு குறையும் இல்லை. ஆனால் நீ எதையும் கேட்கவில்லை, எதையும் மறுக்கவில்லை. அதற்கு முன்னால் நீ அப்படி இருந்தது இல்லை.

போன திங்கட்கிழமை தென்காசிக்குப் போய் முதலில் பரீதிடம் சொன்னேன். ஒன்பது வருஷமாக என்னைக் கண்டால், "அந்தப் பிள்ளை பிளேன் ஏன் விழுந்துதுன்னு எனக்கு இன்னும் பிடிபடல ஆச்சி" என்பான். நான் சிரித்து மழுப்பிவிட்டு வருவேன். இந்தத் தடவை எல்லாவற்றையும் சொன்னேன். அவன் பஞ்சர் ஒட்டிக்கொண்டிருந்த டியூபைக் கீழே வைத்துவிட்டான். கையைத் துடைத்துக்கொண்டு, "வால்லயா வச்சிய? கொஞ்சம் முன்னால தள்ளி வச்சிருக்கப்படாதா" என்றான். அவன் திட்டியிருந்தால் எனக்கு நன்றாக இருந்திருக்கும்.

அன்றைக்குச் சாயந்திரம் உன் அப்பாவிடம் சொன்னேன். இலையில் சோறு இருக்கும்போதே எழுந்து கையைக் கழுவிவிட்டான். "அம்மா, அன்னைக்கே சொல்லியிருந்தா..." என்று ஆரம்பித்தான். மூன்று நாளாக என்னிடம் பேச்சு இல்லை, மதராஸ் அம்மாளுக்கு வெந்நீர் ஆயிற்றா என்று கேட்பதைத் தவிர. நேற்று பரணில் ஏறி எதையோ உருட்டினான். முழங்கால் வலியோடு ஏன் ஏறினான் என்று கேட்க எனக்குத் தைரியம் இல்லை. இறங்கும்போது கையில் உன் பழைய சாக்கு இருந்தது. குடைக்கம்பிகள் துருப்பிடிக்காமல் அப்படியே இருக்கின்றன. பார்சலில் அனுப்புவதாகச் சுடலைமாடனிடம் சொன்னானாம். பரீதும் புது டியூபில் நாடா கிழித்துக் கொடுத்திருக்கிறான்.

இந்தக் கடிதத்தோடு ஒரு துணியில் தைத்து ஒரு பாசிமணி வைத்திருக்கிறேன். நீ அடுப்பில் வைத்த மறுநாள் சாம்பல் அள்ளும்போது கிடைத்தது. கறுத்துப்போயிருக்கிறது. துளை மட்டும் அடைபடவில்லை, ஊசி விட்டுப் பார்த்துவிட்டேன். வழக்கமாக உனக்கு எழுதும்போது திருநீறு மடித்து வைப்பேன். இந்தத் தடவை வைக்கவில்லை. உன் விமானத்தில் இருந்ததை மட்டும் உனக்கு அனுப்புகிறேன், நானாக எதையும் கூட வைக்கவில்லை.

என்னை மன்னிக்கும்படி கேட்க எனக்கு வாய் இல்லை. கோபமாக எழுதினாலும் எழுது, அதை நானே வாசிப்பேன், உன் அப்பாவிடம் கொடுக்கமாட்டேன். ஆனால் ஆதித்தனைக் கூப்பிட்டு, அம்மா அன்றைக்குச் சொன்னது தப்பு என்று முதலில் சொல்லிவிடு. பிறகு அவனுக்கு ஒன்று செய்து கொடு. பறந்ததும் ஒரு கார்டு போடு. பறந்தது என்ற ஒரு சொல் போதும், கீழே கையெழுத்துக்கூட வேண்டாம். அந்தக் கார்டு வருகிறவரை தபால்காரன் வரும் நேரத்துக்கு நான் வாசலில் இருப்பேன்.

உன் இரண்டு கையும் நன்றாக இருக்கட்டும், குழலு. அவை அன்றைக்கும் நன்றாகத்தான் இருந்தன.

இப்படிக்கு,
உன் ஆச்சி
உலகம்மாள்