தாங்கி நடக்கும் ஆள்

ஆகஸ்ட் 6, 2025

சின்னமனூர் பஸ் ஸ்டாண்ட். பக்கத்தில் நின்றவர் போனைச் சத்தமாக வைத்துப் பார்த்தார். தேவயானியின் குரல். "வணக்கம், இது மூடாத கோப்பு."

அந்தப் பெயர் நான் வைத்தது. எம்.ஏ. கடைசி வருஷம், கூடப் படித்த அவளும் நானும் போட்ட திட்டம்: துப்புத் துலங்காத வழக்குகளுக்கு ஒரு யூடியூப் சேனல். இன்னும் படிக்கணும் என்று நான் தள்ளிப்போட்டேன். அவள் ஆரம்பித்துவிட்டாள். அவளுக்கு ஒரு லட்சத்து எண்பதாயிரம் சந்தாதாரர்கள். பிறகு நானும் ஒன்று தொடங்கினேன். நானூற்றுப் பன்னிரண்டு. அதில் ஒன்று அம்மா.

ஆகஸ்ட் 9

ஓடைப்பட்டி வழக்கை எடுத்துவிட்டாள். சூரியபிரகாஷ், திராட்சை வியாபாரி, எட்டு வருஷத்துக்கு முன் காணாமல் போனவர். வாய்க்கால் கரையில் பைக் மட்டும் கிடைத்தது. ஆறு மாதமாக நான் அதைத்தான் தோண்டிக்கொண்டிருக்கிறேன். அவள் முதல் பாகமே போட்டாயிற்று. கடைசியில், "விவரம் தெரிஞ்சவங்க எழுதுங்க."

நல்லாத்தான் இருக்கு. அதுதான் வயிறு எரியுது.

ஆகஸ்ட் 10

எழுதினேன். பொய்ப் பெயரில், தோட்டத்தில் வேலை பார்த்த ஆள் போல. அன்று சாயங்காலம் அந்த பைக்கை ஓட்டிப் போனது திராட்சைக்குப் பூச்சிமருந்தடிக்கிற ஒருவன் என்று. அவள் நம்பிப் போடுவாள். பொய் என்று நான் நிரூபிப்பேன். அவ்வளவுதான்.

முதலில் அந்த ஆள் வெறும் நிழல். நம்பும்படி இல்லை. இடதுகாலைத் தாங்கி நடப்பவன் என்று சேர்த்தேன். கழுத்தில் மருந்து பட்டு வெந்த தழும்பு. மறுநாளே கேரளாவில் ஏலக்காய்த் தோட்டத்துக்குப் போய்விட்டான் என்றும் எழுதினேன். உடனே உயிர் வந்தது. சந்தோஷமாக இருந்தது.

ஆகஸ்ட் 17

இரண்டாம் பாகம். என் கடிதத்தை முழுசாக வாசித்தாள். ஒரே நாளில் மூன்று லட்சம் பார்வை. ஒருவன் எழுதியிருக்கிறான்: "அக்கா, அந்தத் தழும்பு வரி… புல்லரிச்சிருச்சு."

அது என் வரி. ஏலே, அது என் வரிடா!

இன்றைக்கே பொய் என்று சொல்லியிருக்க வேண்டும். பார்வை இன்னும் கொஞ்சம் ஏறட்டும் என்று விட்டேன் — யாருக்கு ஏறட்டும்?

ஆகஸ்ட் 20

அப்படி ஒரு ஆள் இருக்கிறார்.

அம்மாவாசி. ஓடைப்பட்டி. மருந்தடிப்பவர். இடதுகால். கேரளாவுக்கும் போனவர். கழுத்தில் தழும்பு இல்லை. அது யாருக்கும் பொருட்டில்லை.

தேவயானி போனில் சொன்னாள். அவர் மனைவி அக்கம்மாள் இவள் நம்பரைத் தேடிப்பிடித்துக் கூப்பிட்டிருக்கிறார். "ஒரு தோட்டத்துலயும் உள்ள விடமாட்டேங்கிறாக. எம்மக விஜிய கொலகாரன் புள்ளன்னு சொல்றாக, பள்ளிக்கூடத்துல. நீ எங்கன உக்காந்து பேசுற தாயி?"

அந்த நிமிஷமே வீடியோவை எடுத்துவிட்டாளாம். மூன்று லட்சத்தையும். நானாக இருந்தால் எடுத்திருப்பேனா? இதிலும் அவள்தான் முந்தி.

"பாண்டி, நீதான் வரி வரியாப் படிப்ப. இத எழுதுனது யாருன்னு தெரியுதா பாரேன்." கடிதத்தை அனுப்பினாள். என்னிடமே.

படித்தேன். ஒரு பிழைகூட இல்லை.

ஆகஸ்ட் 21

தேவயானியிடம் சொல்லிவிட்டேன். உத்தமபாளையம், டீக்கடை.

"பொறாமையா?"

"ஆமா."

"என்னைய வந்து திட்டியிருக்கலாம்ல? அந்த மனுசன் என்னடா பண்ணுனாரு?"

டீயை அப்படியே வைத்துவிட்டு எழுந்தாள். பிறகு நின்று, "நானும் விசாரிக்காமத்தான போட்டேன். கேக்க நல்லாயிருந்துச்சு. போட்டுட்டேன்."

குற்றத்திலும் பங்கு கேட்கிறாள்.

ஆகஸ்ட் 22

ஓடைப்பட்டி. இருவரும் போனோம். கேமரா முன்னால் என் முகத்தோடு மன்னிப்புக் கேட்பதாகத் திட்டம். நேற்றே எழுதி, நான்கு முறை திருத்தியிருந்தேன். நல்ல பேச்சு.

அம்மாவாசி தாளை வாங்கவே இல்லை. "மறுக்கா வீடியோவா? வேணாம்ப்பா. அதப் பாக்காதவனும் இதப் பாப்பான்."

அக்கம்மாள் வாசலை அடைத்து நின்றார். "எழுதத் தெரியுதுல்ல, வாயத் தொறந்து பேச வராதோ? இவரு கூடப் போ. தோட்டந் தோட்டமா நின்னு, நாந்தேன் பொய் எழுதுனேன்னு சொல்லு."

ஆகஸ்ட் 25

நான்கு தோட்டம். அவர் முன்னால், நான் பின்னால், தேவயானி கடைசியில். அவர் நடையைப் பார்த்துக்கொண்டே போனேன். நான் எழுதியது தப்பு. தாங்கவில்லை, காலை இழுக்கிறார்.

ஓரிடத்தில் அவருக்கும் தேவயானிக்கும் காப்பி வந்தது. எனக்கு வரவில்லை. அதற்கும் அவள்மேல் எரிச்சல் பட்டேன். இதையும் எழுதிவைக்கிறேன்.

நான்கு தோட்டக்காரர்களும் "பாப்போம்" என்றார்கள்.

ஆகஸ்ட் 29

ஒன்பதாவது தோட்டம். இன்று தேவயானி வரவில்லை. உரிமையாளர் ராக்கையா திராட்சைப் பந்தலுக்கு அடியில் நின்றபடியே கடைசிவரை கேட்டார்.

"இதுக்குத்தேன் ஒங்க வீட்டுல படிக்கவச்சாகளா?"

என்னை விட்டுத் திரும்பினார்.

"அம்மாவாசி, திங்கக்கெழமை வந்துரு. மேலப் பந்தல்ல எலையெல்லாம் செவட்டை நோவு விழுந்து கெடக்கு, மருந்தடிக்கணும்."

அம்மாவாசி துண்டை எடுத்து முகத்தைத் துடைத்தார். ரொம்ப நேரம் துடைத்தார்.

போகத் திரும்பினோம். ராக்கையா விடவில்லை. "ஏம்ப்பா, அப்ப அந்த பைக்க யாருதேன் கொண்டுபோனது?"

ஆறு மாதம் தோண்டியதில் என்னிடம் மூன்று பெயர் உண்டு. மூன்று பேரையும் சந்தேகிக்கக் காரணம் உண்டு. ராக்கையா கிட்டே வந்தார். கொடி கட்டிக்கொண்டிருந்த பெண்கள் கையை நிறுத்தினார்கள். அம்மாவாசியும் என்னைத்தான் பார்த்தார்.

"தெரியாதுங்கய்யா," என்றேன்.