ஒரே கதைக்கு இரண்டு உறை

குன்சான்,
டிசம்பர் 22

ஹேரிமின் அப்பாவுக்கு,

நலமா என்று கேட்டால் உங்களிடமிருந்து "ம்" என்றுதான் பதில் வரும். அதனால் கேட்கவில்லை. புத்த மடத்துச் சாப்பாட்டில் பூண்டு சேர்க்கமாட்டார்களே, வாய்க்கு எப்படிப் பிடிக்கிறதோ. இங்கே நானும் ஹேரிமும் சௌக்கியம். குளிர்காலத்துக்கான கிம்ச்சி போட்டு முடித்தாயிற்று. உதவி செய்கிறேன் என்று வந்த உங்கள் அக்கா, உட்கார்ந்த இடத்தை விட்டு எழாமல் என் உப்பில் குறை சொல்லிவிட்டு, இரண்டு டப்பா கிம்ச்சியோடு கிளம்பிப் போனார். கடையில் வியாபாரம் சுமார்தான். இந்தக் குளிரில் ஆறிப்போன கிம்பாப் சோற்றுச் சுருளை யார் தேடுகிறார்கள்? எல்லோரும் சூடான சூப் கடைக்குத்தான் போகிறார்கள்.

செல்போனை என்னிடம் கொடுத்துவிட்டு மலை ஏறினீர்கள். அது கையில் இருந்தால் எழுத ஓடாது என்றீர்கள். சரிதான். ஆனால் அது இல்லாத காலத்திலும் உங்களுக்கு எழுத ஓடியதில்லை. நாவலின் முதல் வரிக்கு உட்கார்ந்தவர், குழாயில் தண்ணீர் சொட்டுகிறது என்று எழுந்து போவீர்கள். அது முடிந்தால் புத்தகங்களை உயரவாரியாக அடுக்குவீர்கள். நம் வீடு இந்தத் தெருவிலேயே சுத்தமான வீடாக இருப்பது நீங்கள் எழுதாத நாவலின் புண்ணியம். சிரிக்கத்தான் எழுதுகிறேன், கோபித்துக்கொள்ளாதீர்கள்.

பத்திரிகைகளின் புத்தாண்டுச் சிறுகதைப் போட்டியில் ஜெயித்தவர்களைக் கிறிஸ்துமஸுக்கு முன்பே கூப்பிட்டுவிடுவார்கள் என்று நீங்கள்தான் சொல்லிக்கொண்டே இருப்பீர்கள். அதனால் இந்த மாதம் முழுக்க உங்கள் போன் என் ஏப்ரன் பையில்தான் இருக்கிறது. தெரியாத எண் வந்தால் கை கழுவிவிட்டு, எழுந்து நின்று பேசினேன். "வட்டி கம்மி, லோன் வேணுமா?" என்று கேட்டவனிடமும் அப்படித்தான் பேசினேன்.

போன வியாழக்கிழமை மதியக் கூட்டம் கலைந்த பிறகு அந்த அழைப்பு வந்தது. நீங்கள் முதலில் அனுப்பிய பத்திரிகையிலிருந்து. பேசியவர் கலைப் பகுதி ஆசிரியராம், நிதானமான குரல். "பியோன் கீசொக் சார் இருக்காருங்களா?" என்று கேட்டார். "அவரு மலைல இருக்காருங்க, நான் அவர் வீட்டுக்காரி" என்றேன். "அவரோட 'உப்பு லாரி' கதைதான் கடைசிச் சுத்துல தேறி நிக்குது. நடுவர் ரெண்டு பேருக்கும் அதுல கருத்து வேறுபாடே இல்ல" என்றார். எனக்குக் கால் தரையில் இல்லை. சோற்றுப் பானையைப் பிடித்துக்கொண்டுதான் நின்றேன்.

அப்புறம் எல்லோரிடமும் கேட்கிற கேள்வி என்று சொல்லி ஒன்று கேட்டார். "இதே கதையை வேற எங்கயும் அனுப்பலையே?"

நான் பெருமையாகவே சொன்னேன். "அனுப்பினாரே. தலைப்ப மாத்தி இன்னொரு பத்திரிகைக்கும் அனுப்பினாரு. நானும் கூடப் போயிருந்தேன்." லைன் போய்விட்டதோ என்று இரண்டு தடவை ஹலோ சொன்னேன். அப்புறம்தான் சொன்னார், ஒரே கதையை இரண்டு இடத்துக்கு அனுப்பினால் தேர்வு ரத்து, அறிவிப்பிலேயே விதி போட்டிருக்கிறதாம். "எனக்கே மனசு கேக்கலைங்க" என்றார். நான் கெஞ்சினேன். வெட்கமில்லாமல் கெஞ்சினேன். அவரால் ஒன்றும் செய்ய முடியாதாம். இன்னொரு பத்திரிகையிலிருந்து இன்றுவரை யாரும் கூப்பிடவில்லை.

எனக்கு அந்த விதி தெரியாது. உங்களுக்குத் தெரியும். தபால் நிலையத்தில் இரண்டாவது உறையின் மேல் சிவப்பு மையில் 'போட்டிக்கு' என்று எழுதிக்கொண்டிருந்தீர்கள். இப்படி அனுப்பலாமா என்று கேட்டேன். "ரெண்டு பேருமே குப்பைலதான் போடப் போறாங்க, எந்தக் குப்பையா இருந்தா என்ன?" என்று சொல்லிவிட்டுச் சிரித்தீர்கள். நானும் சேர்ந்து சிரித்தேன். இப்போது அதை நினைத்தால் உங்களைப் பிடித்து உலுக்க வேண்டும்போல் இருக்கிறது. ஒரே ஒரு தடவை, உங்கள் கதை தேறும் என்று நீங்கள் நம்பியிருந்தால் போதுமே. ஒரே உறையோடு வீட்டுக்கு வந்திருப்போமே.

சொல்லாமல் மறைத்துவிடலாமா என்றும் பார்த்தேன். இந்த வருஷமும் இல்லை என்று நினைத்து, நாம் பேசிக்கொண்டபடி எழுத்தை விட்டுவிட்டு, பொங்காமல் புகையாமல் என் அண்ணன் கிடங்கு வேலைக்குப் போயிருப்பீர்கள். ஆனால் ஜனவரி ஒன்றாம் தேதி நடுவர் குறிப்பில் இந்த ரத்து விஷயம் பெயர் சொல்லாமல் வருமாம். யாரோ கொண்டுவந்த பத்திரிகையில் அதை நீங்கள் தனியாக உட்கார்ந்து படிப்பதற்கு, நானே சொல்வது மேல் என்று தோன்றியது.

இதைப் படித்ததும் என்ன நினைப்பீர்கள் என்றும் எனக்குத் தெரியும். அந்த ஆசிரியர் வேறு யாரையோ நினைத்துக் கூப்பிட்டிருப்பார் என்பீர்கள். இல்லை. லாரி கவிழ்ந்த சாலையில் டிரைவரின் மனைவி துடைப்பத்தால் உப்பைக் கூட்டி அள்ளும் இடத்தை நடுவர் ஒருவர் சத்தமாக வாசித்துக் காட்டினாராம். அசட்டுத்தனம் என்று நீங்கள் அடித்துவிடப் பார்த்த இடம் அதுதான். இதையும் நம்பமாட்டீர்கள். மனைவி ஆறுதலுக்குக் கட்டிச் சொல்கிறாள் என்பீர்கள். ஊரே வந்து சொன்னாலும் உங்கள் காதில் ஏறாது. அதற்கு மேல் சொல்ல என்னிடம் ஒன்றும் இல்லை.

"அவரை விடாம எழுதச் சொல்லுங்க" என்று போனை வைக்கும் முன் அந்த ஆசிரியர் சொன்னார். நான் அதைச் சொல்லமாட்டேன். இனி எழுதுவீர்கள் என்ற நம்பிக்கை எனக்கும் இல்லை. கிடங்கில் பெட்டி தூக்குவீர்கள் என்பதிலும் இல்லை. இரண்டுமே போனதாக வைத்துக்கொள்ளுங்கள்.

கடிதத்தைக் காலையில், சாப்பிட்ட பிறகுதான் உங்கள் கையில் கொடுக்க வேண்டும் என்று மடத்துச் சமையல்கார அம்மாவிடம் போனில் சொல்லியிருக்கிறேன். அன்று பாறைப் பக்கம் நடக்கப் போகாதீர்கள், பனியில் வழுக்கும். துணைக்கு ஆள் இருந்தாலும் போகாதீர்கள். பேச வராவிட்டால் பரவாயில்லை. அந்த அம்மாவிடம் சொல்லி எனக்கு ஒரு போன் போடச் சொல்லுங்கள், பக்கத்தில் நின்று மூச்சு விட்டால் போதும், கேட்டுக்கொள்கிறேன். அப்புறம் முதல் பஸ்ஸில் கிளம்பி வந்துவிடுங்கள். கதை வேண்டாம், வேலையும் வேண்டாம். கையும் காலும் உயிருமாக நீங்கள் மட்டும் வீடு வந்து சேருங்கள்.

உங்களுக்காகக் கதவைப் பூட்டாமல் காத்திருக்கும்,
ஒக்ஜு