திரும்பி வராத ஒரு டப்பா

அன்புச் செல்லத்துக்கு,

அம்மா எழுதுகிறேன். அங்கே சுகம்தானே, சளி விட்டதா, நேரத்துக்குச் சாப்பிடுகிறாயா. இங்கே அப்பா, அண்ணன், நான் மூவரும் உடம்பளவில் நலம். மற்ற நலத்தைச் சொல்லத்தான் இந்தக் கடிதம். போனில் சொல்லியிருக்கலாம், ஆனால் நீ நடுநடுவே புகுந்து கேள்வி கேட்பாய், எனக்குக் கோர்வை விட்டுப்போகும். இத்தனை வருடம் செய்தி எழுதிய கைக்கு, நடந்ததை நடந்த வரிசையில் வைத்தால்தான் மனம் ஒரு இடத்தில் நிற்கிறது. நாளைக் காலை நீ எழுந்து செல்போனில் எங்கள் பத்திரிகையைத் திறப்பதற்கு முன்னால் இது உனக்கு மின்னஞ்சலில் வந்து சேர்ந்துவிட வேண்டும்.

போன வாரம் சொன்னாயே, வணிக நெறி என்று புதிதாக ஒரு பாடம், கட்டுரைக்கு நிஜ வாழ்க்கையிலிருந்து ஓர் உதாரணம் வேண்டும், நான் எழுதிய பழைய செய்தி ஏதாவது தேறுமா என்று. ஒரு செயலால் எத்தனை பேருக்கு நன்மை, எத்தனை பேருக்குக் கெடுதல் என்று எடைபோட்டு முடிவு செய்வது ஒரு வழி. விளைவு என்னவானாலும் கடமையைச் செய்வது, எந்த மனிதரையும் நம் காரியத்துக்குக் கருவியாக்காமல் இருப்பது இன்னொரு வழி. இதையே செய்து செய்து நான் எப்படிப்பட்ட ஆளாகிறேன் என்று கேட்டுப் பார்ப்பது மூன்றாவது வழி என்று நீ மூச்சு விடாமல் ஒப்பித்தாய். பக்கத்தில் இருந்த அப்பா, "இதுக்கா இவ்ளோ ஃபீஸு" என்று சிரித்தார். இந்த வாரம் அவர் சிரிக்கவில்லை.

அண்ணன் பொறுப்பில் இருக்கும் குளிர் அறையை நீ பார்த்ததில்லை. மருந்து விநியோகக் கம்பெனியின் பின்கட்டில், பஞ்சு அடைத்த கனமான கதவோடு இருக்கும். இன்சுலின் எல்லாம் அங்கேதான். உள்ளே ஒரு வயரின் நுனியில் வெப்பம் பார்க்கும் கருவி தொங்கும், அறை சூடானால் அலாரம் அலறும். வண்டியில் சரக்கு ஏற்றும்போது கதவு திறந்தே கிடக்குமல்லவா, அப்போதெல்லாம் அது ஓயாமல் கத்தும். அந்தச் சத்தம் தாங்காமல் அங்கே எல்லோருமாக ஒரு பழக்கம் பழகியிருக்கிறார்கள். கருவியை எடுத்து, குளிர்ப் பைகள் அடுக்கிய ஒரு சின்னத் தெர்மோகோல் பெட்டிக்குள் போட்டு மூடிவிடுவது, ஏற்றி முடித்ததும் எடுத்துப் பழையபடி மாட்டிவிடுவது. அந்தப் பெட்டிக்குத் தொட்டில் என்று பேர். "கொழந்தைய தொட்டில்ல போடுங்கப்பா, தூங்கட்டும்" என்பார்களாம். சனிக்கிழமை சாயந்திரம் குழந்தையைத் தொட்டிலில் போட்டது உன் அண்ணன். எடுத்து மாட்ட மறந்ததும் அவன்தான். அன்று இரவே குளிரூட்டும் இயந்திரம் நின்றுபோயிருக்கிறது. ஞாயிறு விடுமுறை. திங்கள் காலை கதவைத் திறந்தால் சமையலறை மாதிரி முகத்தில் சூடு அடித்ததாம். ஆனால் அலாரம் அடிக்கவில்லை, கணினியில் இரண்டு நாளும் எல்லாம் சரி என்றே பதிவாகியிருக்கிறது. அந்தப் பதிவு பொய் என்று தெரிந்தவர்கள் அவனும் முதலாளியும் மட்டும்.

சூடுபட்ட இன்சுலின் விஷமாகிவிடாது. வீரியம் குறையலாம், குறையாமலும் இருக்கலாம், பார்த்தால் தெரியாது. முதலாளி அதைத்தான் பிடித்துக்கொண்டார். "இவ்வளவையும் கொட்டிட்டா அடுத்த லோடு வர்ற வரைக்கும் ஊர்ல யாருக்கும் மருந்து கெடையாது. சுத்தமா இல்லாம இருக்கிறதுக்கு இது தேவலையா இல்லையா, நீயே சொல்லு தம்பி" என்று கேட்டிருக்கிறார். உன் பேராசிரியர் சொன்ன முதல் வழியைப் பள்ளிக்கூடம் தாண்டாத அந்த மனிதர் எவ்வளவு அழகாகப் பேசியிருக்கிறார் பார். தராசில் தன் நஷ்டத்தை வைத்ததை மட்டும் சொல்லவில்லை. அண்ணன் வாயை மூடிக்கொண்டான். மத்தியானம் முதல் வண்டி கடைகளுக்குப் புறப்பட்டுவிட்டது.

அன்று சாயந்திரம் அப்பாவுக்கான இன்சுலினை அவன் தெருமுனை மருந்துக்கடைப் பையில் கொண்டுவந்தான். எப்போதும் கம்பெனியிலிருந்து தள்ளுபடி விலையில் கொண்டுவருகிறவன். ஏன்டா என்று கேட்டேன். ஒன்றுமில்லை என்றான். ஒன்றுமில்லை என்கிறவர்களிடம் பேசியே பிழைப்பு நடத்துகிறவள் நான், விடவில்லை. சாப்பாட்டு மேசையில் எல்லாவற்றையும் கொட்டினான். அப்பா ஊசி போட்டுக்கொண்டு சாப்பிட உட்காரும் நேரம். அவர் சட்டைக் கையை இறக்கிவிட்டு, "இது எனக்கு வேணாம். உன் கம்பெனிலேர்ந்து ஒண்ணு எடுத்துட்டு வா, அதையே போட்டுக்கறேன்" என்றார். விளையாடாதீங்கப்பா என்றான். "நான் எங்கடா வெளையாடுறேன். ஊருக்கு ஒண்ணு அப்பனுக்கு ஒண்ணா?" என்று கேட்டுவிட்டுத் தட்டைக் கவிழ்த்து வைத்தார். ஊசியும் இல்லை, சாப்பாடும் இல்லை, சுவரைப் பார்த்து உட்கார்ந்துவிட்டார். அண்ணன் கெஞ்சினான், கத்தினான், காலைப் பிடித்தான். நானும் கத்தினேன், அப்பாவைப் பார்த்து. அவர் பிடிவாதம் உனக்குத் தெரியும். கடைசியில் இவன் வாசலுக்குப் போய் முதலாளிக்குப் போன் போட்டான். அங்கிருந்து வந்த வசவு உள்ளே வரை கேட்டது. பிறகு மருந்து தயாரிக்கும் கம்பெனியின் புகார் எண்ணுக்குப் பேசி, தொட்டில் உட்பட எல்லாவற்றையும் சொன்னான். திரும்பி வந்தபோது சட்டை முதுகோடு ஒட்டியிருந்தது. அப்பா கையை நீட்டினார். ஊசியை அவன்தான் போட்டுவிட்டான்.

இதோடு முடிந்திருந்தால் உனக்கு எழுதியிருக்க மாட்டேன். மறுநாள் பூராவும் அவனே கடை கடையாக ஏறி இறங்கிச் சரக்கைத் திரும்ப வாங்கினான். ஒரு டப்பா தவிர எல்லாம் வந்துவிட்டது. அந்த ஒன்றைப் பேருந்து நிறுத்தத்துக் கடையில் ஓர் அம்மாள் வாங்கிப் போயிருக்கிறாள். பேர், நம்பர் எதுவும் இல்லை. பள்ளிச் சீருடையில் ஒரு சின்னப் பெண் கூட நின்றதாகவும், அந்த அம்மாள் அதன் கையை விடவே இல்லை என்றும் கடைக்காரர் சொன்னார். மருந்து யாருக்கு என்று அவருக்குத் தெரியாது. அந்தக் குழந்தைக்கு என்றால், வீரியம் குறைந்த இன்சுலின் உயிருக்கே உலை வைக்கலாம் என்று அண்ணனுக்கு நன்றாகத் தெரியும்.

அந்த அம்மாளை எட்ட எனக்குத் தெரிந்த வழி ஒன்றுதான், பத்திரிகை. அண்ணன் முகம் வெளுத்துவிட்டது. "எல்லாம் வந்துடுச்சும்மா, ஒண்ணே ஒண்ணுதான். அதுக்குப் பேப்பர்ல போட்டா எனக்கு இனிமே எவன் வேலை குடுப்பான்?" என்றான். நீ படிக்கிற மூன்று வழிகளும் அப்போது என் தலைக்குள் ஒன்றின் மேல் ஒன்று ஏறி மிதித்துக்கொண்டிருந்தன. தாய்க்கும் ஒரு கடமை உண்டு என்று அந்தப் பாடத்தில் எந்தப் பக்கத்திலாவது போட்டிருக்கிறதா, பார்த்துச் சொல். இன்று காலை பத்திரிகை ஆசிரியர் அறைக்குப் போய், இது என் மகன் சம்பந்தப்பட்டது, நான் எழுதக்கூடாது, ஆனால் இன்றைக்கே எழுதியாக வேண்டும் என்றேன். அவர் நான் பழக்கிய நிருபர் பெண் ஒருத்தியைக் கூப்பிட்டார். கேள்வியை மாட்டிப் பதிலை இழுப்பதால் அவளை அலுவலகத்தில் கொக்கி என்போம்.

கொக்கி இப்போது கூடத்தில் அண்ணன் எதிரே உட்கார்ந்திருக்கிறாள். நான் உள்ளறையில் கதவைச் சாத்திக்கொண்டு இதை எழுதுகிறேன். ஆனாலும் காதில் விழுகிறது. தொட்டிலைப் பற்றித்தான் கேட்கிறாள். மறந்தது இந்த ஒரு தடவைதான், சரி, கருவியைப் பெட்டிக்குள் போட்டது எத்தனை தடவை என்கிறாள். நானாக இருந்தாலும் அதைத்தான் கேட்டிருப்பேன். அவன் நாற்காலியை நகர்த்தும் சத்தம் கேட்கிறது. போய் அவன் பக்கத்தில் உட்காரக் கால் துடிக்கிறது. உட்கார்ந்தால் அவன் என் முகத்தைப் பார்த்துப் பதில் சொல்வான். அதனால் போகவில்லை.

இதோ, பேசுகிறான். "தெனமும். வேலைக்குச் சேர்ந்த நாள்லேர்ந்து தெனமும். கத்துக்குடுத்ததே அப்படித்தான், நானும் புதுசா வந்தவங்களுக்கு அதைத்தான் கத்துக்குடுத்தேன்."

செல்லம், இதை உன் கட்டுரையில் எழுதாதே, வேறு உதாரணம் தேடிக்கொள். அண்ணனுக்குப் போன் செய், சரி தப்பு எதையும் எடுக்காதே, சாப்பிட்டாயா என்று மட்டும் கேள். குளிர் வந்துவிட்டால் காதை மூடிக்கொண்டு வெளியே போ. நீ நல்லபடி படித்து, மனசுக்குப் பொருந்திய வேலையில் நிம்மதியாக இருக்க வேண்டும் என்பதுதான் எங்கள் இருவரின் ஆசியும். நாளைய செய்தியில் பேர் வராது, குளிர் அறைப் பொறுப்பாளர் என்றுதான் வரும். அதற்குக் கீழே ஊரார் என்னென்னவோ எழுதுவார்கள். படித்தால் படி, பதில் மட்டும் போடாதே. அந்த அம்மாள் கண்ணில் அது பட்டால் போதும்.

பட்டதும் எழுதுகிறேன்.

இப்படிக்கு,
உன் அம்மா