வேகத்தின் பழைய பொருள்

மார்ச் 3
ஆங்கில-தமிழ் அகராதிக்காக நான் எழுதும் ‘ஸ்பீட்’ என்ற சொல்லைப் பற்றி இங்கே குறித்து வைக்க நினைப்பவை:
1. வேகம் அதன் முதற்பொருள் அன்று. பழைய ஆங்கிலத்தில் அது நலம், செழிப்பு, எடுத்த காரியம் கைகூடுதல்.
2. விரைவு என்ற பொருள் பின்னால் வந்து ஒட்டிக்கொண்டது.
3. இலத்தீனில் நம்பிக்கையைக் குறிக்கும் சொல்லும் இதே வேர்தான் என்கிறார்கள். எனக்கு உறுதியில்லை.
4. வெள்ளிக்கிழமை வாசிப்பில் எழுந்து நின்று படித்துக்காட்டாத எந்தச் சொல்லும் எங்கள் அலுவலகத்திலிருந்து அச்சுக்குப் போகாது. ஆகவே எனக்கு அவகாசம் இருக்கிறது.

மார்ச் 5
தலைமைப் பதிப்பாசிரியர் என் தம்பி. இது சுருக்கப் பதிப்பு, பழைய பொருள் எதுவும் வேண்டாம் என்கிறான். ஓய்வுபெற்ற எனக்கு மூலையில் ஒரு மேசை கொடுத்து வைத்திருப்பவனும் அவன்தான். எப்படி எதிர்த்துப் பேசுவது?

தயங்கித் தயங்கிக் கேட்டுப் பார்த்தேன். “சரிண்ணே, பழைய பொருள வாசிப்புல நிலைநிறுத்திக் காட்டுங்க. நின்னா சேத்துக்கறேன். நிக்கலைன்னா மேசையக் காலி பண்ணிடணும், பந்தயம்!” சிரித்தான். நானும் சிரித்தேன். எதற்குச் சிரித்தேன்?

மார்ச் 6
வாசிப்பைத் தள்ளிவைத்துவிட்டான். “இன்னும் நாலு மேற்கோள் தேடுங்கண்ணே.” அவன் கேட்டதும் நியாயம்தான்.

மார்ச் 10
தட்டச்சுக்காரப் பெண் எனக்கு ‘எக்ஸ்பிரஸ்’ என்று பெயர் வைத்திருக்கிறாளாம்.

மார்ச் 13
இன்றும் தள்ளிப்போயிற்று. ஒரு விதத்தில் நல்லது. வலுவான சான்று கிடைத்திருக்கிறது. பயணம் கிளம்புகிறவரிடம் ‘காட்ஸ்பீட்’ என்று சொல்வார்கள். சீக்கிரம் போ என்று விரட்டுவதல்ல அது. போகிற காரியம் நல்லபடியாக முடியட்டும் என்பது. மனைவியிடம் படித்துக் காட்டினேன்.

“அதை ஆபீஸ்ல போய்ச் சொல்லுங்க. டப்பாவ எடுத்துட்டீங்களா? நேரமாச்சு பாருங்க.”

மார்ச் 20
வாசித்தேன்.

எல்லோரும் வந்திருந்தார்கள். யார் கையிலும் திருத்தம் குறிக்கும் சிவப்புப் பென்சில் இல்லை. அதை நான் கவனித்திருக்க வேண்டும்.

தட்டச்சுக்காரப் பெண் கேட்டாள்: “அப்ப ஸ்பீட் பிரேக்கர்னா, நம்ம செழிப்பத் தடுக்கறதா சார்?” அறையே குலுங்கியது. நான் நிதானமாக விளக்கம் சொன்னேன். நூற்றாண்டு வாரியாக! தம்பி கண்ணைத் துடைத்துக்கொண்டான். மேசை இழுப்பறையிலிருந்து ஒரு புத்தகத்தை எடுத்து நீட்டினான். பசை வாசனை போகாத புது அட்டை. எங்கள் அகராதி.

“போன மாசமே அச்சுக்குப் போயிடுச்சுண்ணே. இந்தாங்க, உங்களுக்கு ஒரு காப்பி.”

புரட்டினேன். ‘வேகம், விரைவு.’ அவ்வளவுதான்.

“வாசிக்காமலேயா?” என்றேன்.

“இப்பத்தானே வாசிச்சீங்க? பிரமாதம்ணே!”

கை தட்டினார்கள். அது அடங்கியதும், என் மேசையை எப்போது காலி செய்ய வேண்டும் என்று நானே கேட்டேன். திங்கட்கிழமை அந்த இடத்துக்கு ஜெராக்ஸ் மெஷின் வருகிறதாம்.

மார்ச் 21
மனைவியிடம் சொன்னேன். கீரையிலிருந்து தலையை நிமிர்த்தவில்லை.

“தெரியும். இன்னும் கொஞ்ச நாள் இழுங்கன்னு நான்தான் உங்க தம்பிகிட்ட சொன்னேன்.”

“ஏன்? ஏன் எங்கிட்ட ஒரு வார்த்த சொல்லல?” என்றேன்.

“சொன்னா வீட்டுல உக்காந்துடுவீங்களே. பகல் பூரா உங்க மூஞ்சியப் பாத்துக்கிட்டு நான் என்ன பண்றது?”

கோபமாகச் சொல்லியிருந்தால் பரவாயில்லை. விலைவாசி பேசுவது போலச் சொன்னாள்.

மார்ச் 23
காலையில் டப்பாவை நீட்டினாள். நானும் சட்டை மாட்டிக்கொண்டு கிளம்பினேன். சாயங்காலம் வரை பூங்காவில் இருந்தேன். பெஞ்சில் நிழல் நகர நகர நானும் நகர்ந்துகொண்டேன். வீடு திரும்பியதும் அவள், “இன்னிக்கு வேலை எப்படி?” என்றாள். பரவாயில்லை என்றேன்.

மூன்றாம் தேதி எழுதியதை எடுத்துப் பார்த்தேன். முதலிரண்டும் நிற்கும். மூன்றாவதில் இன்னும் சந்தேகம்தான். நான்காவது தவறு.