வாயுதான் என்று சொன்னவனுக்கு

மார்ச் ஒன்பது, ஞாயிறு, மதியம் இரண்டு இருபது. வேனில் வந்தவர்கள் பதினொரு பேர். பத்துப் பேர் டீக்கடையில் என்னைத் திட்டிக்கொண்டிருக்கிறார்கள். ஓர் அம்மாள் ஆஸ்பத்திரிக்குள் இருக்கிறார். மைக்கை எடுத்து வைக்கப் போனேன். அதில் இன்னும் உன் இஞ்சி மரப்பா வாசனை. பற்றிக்கொண்டு வந்தது எனக்கு.

நீ பேச, நான் ஓட்ட, இருவரும் சேர்ந்து தொடங்கிய ஒருநாள் சுற்றுலாதானே இது? போன வருடம் நாம் கடைசியாகச் சேர்ந்து போன அன்று, முதலில் நின்ற கோயமுத்தூர்ப் பூ மார்க்கெட்டிலேயே மரப்பாவை வாயில் போட்டுக்கொண்டாய். "என்னடா?" என்றேன். "வாயுடா மாப்ள." பல்லடம் தறிக்கூடத்தில் சுவரைப் பிடித்துக்கொண்டு நின்றாய். சட்டை நனைந்திருந்தது. அப்போதும் வந்தவர்களிடம், "இன்னொருக்கா ஓட்டிக் காட்டச் சொல்லட்டுங்களா?" என்று கேட்டாய். நான் வாட்சைத் தட்டினேன். "நாலு மணிக்கு ஒயின் ஆலையைச் சாத்திருவாங்க, பேச்சைக் குறைடா." குறைத்தாய். ஒயின் ஆலையின் திராட்சைத் தோட்டத்து வாசலில் சரிந்தபோதும், "எல்லாரும் உள்ள போயிப் பாருங்க, நா வாரேன்" என்றுதான் சொன்னாய். வரவில்லை.

நெஞ்சு அடைக்கும்போது எவனாவது மரியாதை பார்ப்பானா? பேரிங் சூடானால் மெஷினை நிறுத்த வேண்டும் என்று ஒரே பெஞ்சில் உட்கார்ந்து படித்தோமே! காலை ஏழிலிருந்து சூடேறியிருக்கிறாய். பக்கத்தில் நின்ற எஞ்சினியர் நான், நேரம் பார்த்துக்கொண்டிருந்தேன்.

இன்று அதே தறிக்கூடத்தில் அந்த அம்மாள் நெஞ்சைத் தடவிக்கொண்டு, "ஒண்ணுமில்லீங்க தம்பி, வாயு" என்றார். நேராக இங்கே விட்டேன் வேனை. "ஒயினுக்குத்தானுங்க வந்தோம்!" என்று ஒருவர் கத்தினார். "அப்ப எறங்கி நடந்து போங்க" என்றேன்.

இதோ, வெளியே வருகிறார். ஈசிஜி சரியாக இருக்கிறதாம். நிஜமாகவே வாயுதானாம்.

"ஏனுங்க தம்பி, ஊரு சுத்திக் காட்டறேன்னு ஆஸ்பத்திரியக் காட்டிப்போட்டீங்களே!"

பத்துப் பேரும் சிரிக்கிறார்கள்.

இனிச் செய்யப்போவது:

1. இவர்களைக் கோயமுத்தூரில் கொண்டுபோய் இறக்கிவிடுவேன். இன்றைக்கு ஒயின் ஆலை கிடையாது.
2. அட்டவணையில் ஒவ்வொரு இடத்துக்கும் கால் மணி நேரம் கூட்டுவேன்.
3. அடுத்த ஞாயிறும் யாராவது "ஒண்ணுமில்லீங்க" என்றால் வேனைத் திருப்புவேன். சிரித்துக்கொள்ளட்டும்.
4. சாயங்காலம் உன் அம்மாவைப் பார்ப்பேன். தறிக்கூடத்தில் உனக்கு வேர்த்துக் கொட்டியதை நான் பார்த்தேன் என்று சொல்வேன். இதுவரை அவரிடம் அதைச் சொல்லவில்லை.