டேக் என்ற சொல்லுக்கு ஒரு சீட்டு குறைகிறது

மில் லேன், ஸ்கிப்டன்
18 ஏப்ரல் 1958

அன்பு மகள் ஹில்டாவுக்கு அம்மா எழுதுவது. நானும் உன் அப்பாவும் பூனையும் சௌக்கியம், என் முழங்கால் மட்டும் மழைக்கு ஒரு நாள் முன்னாலேயே தகவல் சொல்லிவிடுகிறது. அங்கே டுனீடினில் நீயும் மாப்பிள்ளை காலினும் பேத்தி ஆலிவும் ஒரு குறையுமில்லாமல் இருப்பீர்கள் என்ற நம்பிக்கையில்தான் பேனாவைத் திறந்தேன். உன் கடிதம் போன வாரமே வந்துவிட்டது. ஆகஸ்டில் குழந்தையைத் தூக்கிக்கொண்டு வர ஆசைதான், ஆனால் அப்பாவிடமிருந்து ஒரு வார்த்தை வராமல் கப்பல் ஏற மாட்டேன் என்று எழுதியிருந்தாய். நியாயம்தான். ஆட்டு ரோமம் வெட்டுகிறவனோடு போவதென்றால் இந்த வாசலை மறுபடி மிதிக்காதே என்று சொன்னவர் அவர், அவர்தான் வாயைத் திறக்க வேண்டும். ஆனால் உன் அப்பா குணம் உனக்குத் தெரியாததா, இந்த இரண்டரை வருஷமாக உன் கடிதத்தை நான் உரக்கப் படிக்க ஆரம்பித்தால் போதும், எனக்கு வேலை இருக்கிறது என்று எழுந்து கரிக்கொட்டகைக்குப் போய்விடுவார். ஊரிலேயே ஒழுங்காக அடுக்கிய கரி நம் வீட்டுக் கரிதான். நான் படித்து முடித்து அடுப்பு மேடைக் கடிகாரத்துக்குப் பின்னால் செருகி வைப்பேன். உனக்கு என்ன பதில் எழுதுவதென்று தெரியாமல் ஒரு வாரமாக முழித்துக்கொண்டிருந்தேன், இப்போது எழுதுகிறேன் என்றால் காரணம் இருக்கிறது, அவசரப்படாமல் படி.

அப்பா அகராதிக்காரர்களுக்கு வேலை செய்கிற கதையை உனக்குச் சொல்லியிருக்கிறேன். ரயில் நிலையத்தில் நாற்பது வருஷம் சீட்டு கொடுத்த மனுஷன், ஓய்வு பெற்ற பிறகும் சீட்டை விடவில்லை. இவருக்கு அவர்கள் ஒதுக்கிய சொல் டேக், எடு வாங்கு என்கிறோமே அதுதான். இத்தனூண்டு சொல், ஒரு மாசத்தில் முடிந்துவிடும் என்று நினைத்தேன், பதினெட்டு மாசமாக எனக்குச் சாப்பாட்டு மேஜை இல்லை. தேநீரில் சர்க்கரை போட்டுக்கொள்வதும் டேக், பஸ் ஏறுவதும் டேக், படம் பிடிப்பதும் டேக், சளி பிடிப்பதும் டேக், கோபித்துக்கொள்வதும் டேக், பிள்ளை அப்பனை உரித்து வைத்திருப்பதும் டேக். ஒவ்வொரு அர்த்தத்துக்கும் ஒரு கட்டு, ஒவ்வொரு கட்டிலும் துண்டுச் சீட்டுகள், சீட்டுக்கு அந்தச் சொல் வருகிற ஒரு வாக்கியம். கறிக்கடைப் பலகை, மருந்துப் புட்டி, போதகரின் பிரசங்கத் தாள் எதையும் விட்டுவைக்கவில்லை. பக்கத்து வீட்டு மிஸஸ் போல்டன் பாவப்பட்டு, எதுக்குங்க இப்படி அலையிறீங்க, நானே பத்து வாக்கியம் சொல்றேன் எழுதிக்கோங்க என்றாள். அதுக்கு இவர், மனசுலேர்ந்து ஜோடிச்சதெல்லாம் செல்லாதும்மா, ஒருத்தர் நெஜமா எழுதியிருக்கணும், யாரு எழுதினது, எந்த ஊரு, என்ன தேதி எல்லாம் வேணும், ஒரு எழுத்துகூட மாத்தக் கூடாது என்று பாடமே நடத்திவிட்டார். அவள் கொண்டுவந்த ஓட்ஸ் கேக்கை அப்படியே திருப்பி எடுத்துக்கொண்டு போய்விட்டாள்.

போன செவ்வாய்க்கிழமை துணி உலர்த்தலாமென்று பின்கதவைத் திறந்தேன். அடித்த காற்றில் மேஜையிலிருந்த பாதி டேக் சமையலறை முழுக்கப் பறந்தது. அவர் கடைத்தெருவுக்குப் போயிருந்தார், வருவதற்குள் பொறுக்கி வைத்துவிடலாமென்று முழங்காலையும் பார்க்காமல் தரையில் உட்கார்ந்தேன். கையில் வந்த முதல் சீட்டில், பிடிக்காத கஞ்சியைக் கண்டால் ஆலிவ் தாடையை நீட்டுகிறாள், அப்படியே தாத்தாதான் என்று இருந்தது. கீழே அவருடைய முத்து முத்தான கையெழுத்தில் ஹில்டா, கடிதம், டுனீடின், 1957 மார்ச் 9. அடுத்ததும் ஹில்டா. கப்பலில் உனக்கு உடம்புக்கு வந்தது, பிரசவத்துக்குக் காலின் உன்னைப் பனியில் வண்டி ஓட்டிக் கூட்டிப்போனது, எல்லாம் சீட்டில் இருக்கிறது. நாற்பத்தொரு சீட்டு, ஹில்டா. கடிகாரத்துக்குப் பின்னாலிருந்த ஒரு கடிதத்தையும் விடவில்லை. படித்ததை மறைக்க நினைத்திருந்தால் உன் பெயரைப் போடாமல் விட்டிருக்கலாம், யார் போய் டுனீடினில் விசாரிக்கப் போகிறார்கள். ஆனால் எழுதினவர் பெயர் இல்லாத சீட்டு வைக்க அவருக்குக் கை வராது. இன்னொன்று, இருபது வருஷம் உன் எழுத்துப் பிழைக்கெல்லாம் சிவப்பு மையால் கோடு போட்டவர், உன் பிழைகளை ஒன்றுகூடத் தொடாமல் அப்படியே எழுதி வைத்திருக்கிறார். எனக்கு அழுகையும் வந்தது, சிரிப்பும் வந்தது, அந்த நேரம் பார்த்து அவரும் வந்தார்.

சீட்டுகளைக் கையில் கொடுத்து, கரிக்கொட்டகையில இதுதான் வேலையா என்று கேட்டேன். காது வரைக்கும் சிவந்துபோய், சொல்லுக்குச் சான்று வேணும் வின்னி, யார் எழுதினா என்ன, அவ நல்லா எழுதுறா என்றார். பிறகு பேச்சை மாற்றுவதற்காக, ஒரே ஒரு சீட்டுதான் குறையுது, சொன்ன சொல்லை வாபஸ் வாங்கிக்கிற அர்த்தத்துக்கு ஒரு வாக்கியமும் கிடைக்கல, வியாழக்கிழமை பிக்கர்ஸ்கில் பெட்டியை எடுக்க வந்துடுவாரு என்று புலம்பினார். பிக்கர்ஸ்கில் என்பவர் அகராதி ஆபீஸ்காரர். நான் விடவில்லை, இந்த வீட்ல அப்படி ஒரு வாக்கியத்தை யாராவது எழுதினாத்தானே கிடைக்கும், நீங்க ஊரெல்லாம் தேடி என்ன பிரயோஜனம் என்று சொல்லிவிட்டேன். அவர் கரியை மறுபடி அடுக்கப் போய்விட்டார்.

நேற்று பிக்கர்ஸ்கில் வந்தார், நான் சுட்ட ருபார்ப் பை இரண்டு துண்டு சாப்பிட்டார், எல்லாம் சரியா இருக்கா மிஸ்டர் த்வெய்ட் என்று கேட்டார். ஒண்ணு மட்டும் எழுதியாச்சு, ஆனா அது முதல்ல வேற இடத்துக்குப் போகணும், ஆகஸ்ட் வரைக்கும் தவணை குடுங்க என்றார் உன் அப்பா. பிக்கர்ஸ்கில் போனபின் அப்பா என் தேநீர்க் கோப்பைக்கு அடியில் ஒரு சீட்டை வைத்துவிட்டு, நீ எழுதறப்ப இதையும் வச்சு அனுப்பு என்று சொல்லிவிட்டு நடக்கப் போய்விட்டார். இதோடு வைத்திருக்கிறேன். வாசலில் வைத்து ஹில்டாவிடம் சொன்னதை நான் வாபஸ் வாங்கிக்கொள்கிறேன் என்று ஒரே வரிதான். கீழே எட்கர் த்வெய்ட், மில் லேன், ஸ்கிப்டன், 1958 ஏப்ரல் 17. சொந்தமாக ஜோடித்தது செல்லாதே என்று கேட்டேன், இது ஜோடிச்சதில்லை என்றார்.

ஆலிவுக்குக் கம்பளிச் சட்டை பின்னுகிறேன், அளவு ஒரு நூலில் முடிச்சுப் போட்டு அனுப்பு. மாப்பிள்ளையை மழையில் நனைய விடாதே. நீங்கள் மூவரும் நோய்நொடி இல்லாமல் நன்றாக இருக்க வேண்டும், கடவுள் துணையிருப்பார். ஒன்று மறக்காதே, அந்தச் சீட்டு அகராதிக்கு வேண்டும், திரும்பத் தபாலில் போட்டால் தொலைந்துவிடும் என்று அப்பா பயப்படுகிறார். நீயே கையோடு கொண்டுவந்து கொடுத்துவிடு.

உன் வரவுக்காக இப்போதே மேஜையைத் துடைத்து வைத்திருக்கும்
அம்மா வின்னி