தம்பிக்கு ஆபரேஷன் வேண்டாம்

அன்பு மகளுக்கு அம்மா எழுதுகிறேன். நீயும் மாப்பிள்ளையும் பிள்ளைகளும் சுகமாக இருக்கிறீர்கள் என்று நம்புகிறேன். இங்கே உன் தம்பி தேறிவருகிறான், முதலில் மூச்சு விட்டுக்கொள், பிறகு மேலே படி. போனில் நீ பாதி அழுகிறாய், நான் பாதி கத்துகிறேன், ஒன்றும் விளங்குவதில்லை, அதனால்தான் பேனாவை எடுத்தேன். ஐந்தாம் வகுப்போடு நின்றவள், பிழை இருந்தால் பொறுத்துக்கொள்.

டைல்ஸ் கிடங்கில் சரிந்த தள்ளுவண்டியைப் பிடிக்கப் போயிருக்கிறான், அதன் கைப்பிடி வலது விலாவுக்குக் கீழே இடித்துவிட்டது. தோல்கூடக் கிழியவில்லை. சாயங்காலம்வரை வேலை பார்த்துவிட்டு வந்து தோள் வலிக்குதும்மா என்றான். சுமை தூக்கிய பிடிப்பு என்று நினைத்து நானே தைலம் தேய்த்து ஒத்தடம் கொடுத்தேன். நர்சிங் இரண்டாம் வருஷம் படிக்கிறாளே அவன் பெரியவள், அவள் நாடி பிடித்துப் பார்த்துவிட்டு, தேய்க்காதீங்க பாட்டி, அப்பாவுக்கு வயித்துக்குள்ள ரத்தம் கசியுது போல, அந்த வலிதான் தோள்ல தெரியுது, இது தோளோட வலி இல்ல என்றாள். ரெண்டு வருஷப் படிப்புக்கே இவ்வளவு வாயா என்று அதட்டினேன். அவள் என்னோடு வாதாடாமல் ஆம்புலன்சைக் கூப்பிட்டுவிட்டாள். ஸ்கேனில் பார்த்தால் கல்லீரல் கிழிந்திருக்கிறது. பெரிய டாக்டரே அவளிடம் நீ எங்கம்மா படிக்கிறே என்று கேட்டார். என் பேத்தி என்று நான் அவர் கேட்காமலே சொன்னேன்.

இப்போது விஷயத்துக்கு வருகிறேன். சும்மா படுக்கப் போட்டிருக்காங்க, வேற ஆஸ்பத்திரிக்கு மாத்தி ஆபரேஷன் பண்ணுங்க என்று நீ மருமகளிடம் சொல்லியிருக்கிறாய். அவள் மாற்றல் தாளை வாங்கி வந்து, நீங்க சொன்னா கையெழுத்துப் போடுறேன் அத்தை என்று நின்றாள். நான் நேரே டாக்டரிடம் போய்க் கேட்டேன். புண்ணுல பக்கு கட்டுது, அதை நாமே பிய்க்கலாமா, பிரஷர் நிலையா இருக்கிறவரைக்கும் கத்தி வேண்டாம் பாட்டி என்றார். மறுபடி கசிந்தால் தொடை வழியாக மெல்லிய குழாய் விட்டு அடைப்பார்களாம், அதற்கும் நிற்காவிட்டால்தான் வயிற்றைத் திறப்பார்களாம். சும்மா ஒன்றும் போடவில்லை, ஆறு மணி நேரத்துக்கு ஒரு தரம் ரத்தம் எடுத்துப் பார்க்கிறார்கள், முதல் நாள் இரண்டு பாட்டில் ரத்தமும் ஏற்றினார்கள். அசையக் கூடாதவனை வண்டியில் ஏற்றிக் குலுக்க வேண்டாம் என்று தாளை நான்தான் திருப்பிக் கொடுத்தேன். கோபம் வந்தால் என்னைத் திட்டு, அவளை ஒன்றும் சொல்லாதே.

நேற்று இரண்டாவது ஸ்கேனில் கசிவு நின்றுவிட்டது. இன்று கட்டிலில் உட்கார்ந்து இட்டிலி கேட்டான், அந்த ஆஸ்பத்திரி கஞ்சிக்கு நன்றாக மூக்கைச் சுளித்தான். நர்சம்மா, வாய் நல்லா வேலை செய்யுது, இனி கவலையில்ல என்றாள்.

நீ லீவைக் கெடுத்துக்கொண்டு ஓடி வராதே, நினைத்த மாதத்திலேயே வா. எல்லோரும் நோய்நொடி இல்லாமல் நீண்ட நாள் வாழுங்கள். மூன்று மாதம் அவன் கனமாக எதையும் தூக்கக் கூடாது, மறந்துவிடாதே. உன்னை அழைக்க ஸ்டேஷனுக்கு அவன்தான் வருவானாம். வரட்டும், ஆனால் பெட்டியை நீ தூக்கு.

என்றும் உன் நினைவாக,
அம்மா